வீட்டில் வடித்த மக்காச்சோள விஸ்கியை வைத்துப் புதிதாக ஒரு காக்டெய்ல் உருவாக்குவது எப்படி?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதம் இது. உறவினர் ஒருவர் வீட்டிலேயே வடித்த மக்காச்சோள விஸ்கி இரண்டு ஜாடி உங்களிடம் இருக்கிறது. மரப்பீப்பாயில் வைக்காதது, அதனால் நிறமே இல்லை. கோலாவில் கலந்து பார்த்தீர்கள். விஸ்கி சவர் என்ற புளிப்புக் காக்டெய்லின் செய்முறையில் போர்பன் என்ற அமெரிக்க விஸ்கிக்குப் பதிலாக ஊற்றினீர்கள். ஓல்டு ஃபேஷன்ட் என்ற காக்டெய்லும் முயன்றீர்கள். ஒன்று தொண்டையைச் சுடுகிறது, இல்லையென்றால் சோளம் இருந்த சுவடே தெரிவதில்லை. வீட்டு விருந்தில் பரிமாற உங்களுக்கென்று ஒரு காக்டெய்ல் வேண்டும், இதோடு எது சேரும் என்று கேட்டிருக்கிறீர்கள். எது சேரும் என்பதற்குப் பதில் சுலபம்: தேன், இஞ்சி, லைம் (பச்சை நிறச் சிறு எலுமிச்சை), பீச், புதினா, மிளகு, பச்சை மிளகாய், எல்லாமே சேரும். நீங்கள் தடுமாறுவது வேறு இடத்தில். ஜாடியில் இருப்பதன் பலம் எவ்வளவு, குணம் என்ன என்று தெரியாமல் மற்றொரு மதுவுக்காக எழுதிய செய்முறையில் அதை ஊற்றுகிறீர்கள். பல வருடங்கள் பாரின் பின்னால் நின்று கலந்தவன், இப்போது புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் அங்கிருந்தே தொடங்குகிறேன். நான் வேதியியலாளன் இல்லை, உங்கள் ஜாடியை முகர்ந்து பார்த்ததும் இல்லை. அதனால் கீழே வரும் அளவுகளைத் தொடக்கப் புள்ளிகளாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சுவைக்கு முன்னால் பாதுகாப்பு. நீங்கள் இதைக் கேட்கவில்லை, இருந்தாலும் மற்றவர்களுக்கு ஊற்றிக்கொடுக்கப் போகிறீர்கள் என்பதால் சொல்லியாக வேண்டும். வீட்டுச் சரக்கு என்றதும் எல்லோரும் பயப்படுவது மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹாலை. மெத்தனால் பெரும்பாலும் பழங்களில் இருக்கும் பெக்டின் என்ற பசைப்பொருளிலிருந்து வருவது. சோளம் போன்ற தானியத்தில் பெக்டின் குறைவு, ஆகவே சுத்தமான தானியக் கூழைப் புளிக்க வைத்து வடித்தால் அது மிகச் சிறிய அளவில்தான் இருக்கும். கூட்டம் கூட்டமாக உயிர் போன சம்பவங்கள் பெரும்பாலும் தொழிற்சாலை மெத்தனாலை யாரோ கலந்து விற்றதால் நடந்தவை. 1951-இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் பலர் இறந்ததும் அப்படிக் கலந்த சரக்கால்தான். இரண்டாவது ஆபத்து ஈயம். அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பழைய கார் ரேடியேட்டரைக் குளிர்விப்பானாகப் பயன்படுத்தினாலோ, கலனின் உலோக இணைப்புகளில் ஈயம் கலந்த பற்றவைப்பு (சால்டரிங்) இருந்தாலோ ஈயம் மதுவில் இறங்கிவிடும். சுவையிலும் வாசனையிலும் காட்டிக்கொடுக்காது.

இந்த இரண்டையும் உறுதியாகக் கண்டுபிடிக்க வீட்டில் செய்யக்கூடிய சோதனை எதுவும் கிடையாது. கரண்டியில் ஊற்றிப் பற்றவைத்து நீலச் சுடர் வந்தால் நல்லது என்பார்கள், நம்பாதீர்கள். குடிக்கும் ஆல்கஹாலான எத்தனாலோடு மெத்தனால் கலந்திருந்தாலும் சுடர் நீலமாகவே தெரியும். ஜாடியைக் குலுக்கிக் குமிழியைப் பார்ப்பது பலத்தைப் பற்றி ஒரு தோராயமான யூகத்தைத் தரும், அவ்வளவுதான். எனவே உறவினரிடம் நேராகக் கேளுங்கள். வடிக்கும் கலன் செம்பா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா? பற்றவைப்பில் ஈயம் உண்டா? முதலில் சொட்டியதைத் தனியாக எடுத்து எறிந்தாரா? கூழில் சோளம், மால்ட் (முளைகட்டிக் காயவைத்த தானியம்), சர்க்கரை, ஈஸ்ட் தவிர வேறு என்ன போட்டார்? பதில்கள் தயங்காமல் தெளிவாக வந்தால் மேலே போகலாம். மழுப்பினால் ஜாடியை ஒதுக்கிவிடுங்கள். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் ஆய்வகச் சோதனை ஒன்றுதான் வழி. குடித்த பிறகு, சில மணி நேரமோ ஒரு நாளோ கழித்துக்கூட, பார்வை மங்கினால் போதை என்று நினைத்துப் படுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் வீட்டுத் தேவைக்கு பீரும் ஒயினும் செய்யலாம், ஆனால் அனுமதி இல்லாமல் மது வடிப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் நீண்ட காலமாகவே குற்றமாக வைத்திருக்கிறது. அதை எதிர்த்துச் சமீப ஆண்டுகளில் வழக்குகள் நடந்திருக்கின்றன. நியூசிலாந்தில் 1996 முதல் சொந்த உபயோகத்துக்கு வடிக்கலாம். நீங்கள் இருக்கும் இடத்தில் என்ன நிலை என்று பார்த்துக்கொள்ளுங்கள். சட்டமோ ஜாடியோ உறுத்தினால், உரிமம் பெற்ற வடிசாலைகளின் மக்காச்சோள விஸ்கி கடைகளில் கிடைக்கிறது. பீப்பாய் காணாதது வேண்டுமென்றால் ஜார்ஜியா மூன், பழைய ஓக் பீப்பாயில் வைத்தது வேண்டுமென்றால் மெல்லோ கார்ன். நான் இங்கே சொல்லும் எல்லாவற்றையும் ஜார்ஜியா மூன் மாதிரி ஒன்றை வைத்து அப்படியே செய்யலாம். கையில் இருக்கும் ஜாடியை வீணாக்காமல் பழகுவதற்கும் அது நல்ல வழி.

சரி, இனி கண்ணாடிக் குவளைக்கு வருவோம். போர்பன் செய்முறைகள் உங்களை ஏன் கைவிட்டன? போர்பனிலும் சோளம்தான் முக்கியம், சட்டப்படி குறைந்தது 51 சதவீதம். மக்காச்சோள விஸ்கி என்று அமெரிக்காவில் பெயர் வைக்க 80 சதவீதமாவது வேண்டும். ஆனால் போர்பன் உள்பக்கம் கருக்கிய புதிய ஓக் பீப்பாயில் இருந்து வருவது. அந்த வெண்ணிலா வாசனை, கருகிய சர்க்கரையின் இனிப்பு, நாக்கைப் பிடிக்கும் லேசான துவர்ப்பு எல்லாம் மரம் கொடுத்தவை. ஓல்டு ஃபேஷன்டில் சர்க்கரையும் பிட்டர்ஸும் (சொட்டுச் சொட்டாகச் சேர்க்கும் கசப்பு மூலிகைச் சாறு) சாய்ந்து நிற்பது அந்த மரத்தின் மேல்தான். உங்கள் ஜாடியில் மரம் இல்லை. அதனால் சர்க்கரை ஒரு பக்கம், சாராயம் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கிறது. கோலாவில் நடந்தது இதற்கு நேர்மாறு: அதில் ஏற்கனவே இருக்கும் வெண்ணிலாவும் கேரமலும் மசாலாவும் மென்மையான சோள வாசனையை மூடிவிட்டன.

எனவே, போர்பனின் தம்பி என்று இதை நினைப்பதை விட்டுவிடுங்கள். தயாரிக்கும் மூலப்பொருளின் வாசனை அப்படியே தெரியும் வெள்ளை மதுக்களின் குடும்பத்தில் சேருங்கள். பிளாங்கோ என்ற வெள்ளை டெக்கீலா, பீப்பாய் காணாத ரம், தென் அமெரிக்காவின் திராட்சை மதுவான பிஸ்கோ எல்லாம் அந்தக் குடும்பம். அவற்றை உலகம் எப்படிக் குடிக்கிறது? டெக்கீலாவை மார்கரிட்டாவாக, ரம்மை டாக்கிரியாக, பிஸ்கோவைப் பிஸ்கோ சவராக. எல்லாவற்றிலும் புளிப்பு முன்னால் நிற்கிறது, குளிர்ச்சி கடுமையாக இருக்கிறது, ஆனாலும் அடிப்படை மதுவின் வாசனை மறைவதில்லை. என் அனுபவத்தில் வடித்த சூட்டோடு வரும் சோள விஸ்கிக்கு இந்த அடிப்படைக் கட்டமைப்புகள், அதாவது எலும்புக்கூடுகள்தான் பொருந்துகின்றன.

அடுத்தது அளவு. வீட்டில் வடித்தது 50 சதவீதமும் இருக்கலாம், 65-உம் இருக்கலாம். இது தெரியாமல் '50 மில்லி ஊற்று' என்று எழுதுவதில் அர்த்தமே இல்லை. ஆல்கஹால் மானி ஒன்று வாங்குங்கள், விலை அதிகம் இல்லை. எந்த வெப்பநிலைக்கானது என்று அதிலேயே அச்சிட்டிருக்கும், பொதுவாக 20 டிகிரி செல்சியஸ் அல்லது அமெரிக்க அளவான 60 டிகிரி ஃபாரன்ஹீட். சரக்கு அதைவிடச் சூடாக இருந்தால் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். சர்க்கரையோ தேனோ ஏற்கனவே சேர்த்திருந்தால் குறைத்துக் காட்டும். ப்ரூஃப் என்ற அமெரிக்கக் கணக்கு சதவீதத்தின் இரண்டு மடங்கு, அவ்வளவுதான். ஜாடி 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 500 மில்லியை 45 சதவீதத்துக்குக் கொண்டுவர, 500-ஐ 60-ஆல் பெருக்கி 45-ஆல் வகுங்கள், ஏறக்குறைய 667 வரும். அதாவது 167 மில்லி நல்ல தண்ணீர் சேர்க்க வேண்டும். மதுவும் தண்ணீரும் கலக்கும்போது மொத்த அளவு சற்றுச் சுருங்குவதால் கடைசியில் மானியைப் பார்த்து இன்னும் கொஞ்சம் ஊற்ற வேண்டியிருக்கும். 46-க்குக் கீழே போகும்போது லேசாகக் கலங்கலாம். அது தண்ணீரில் கரையாத எண்ணெய்ச் சத்துகள், தீங்கில்லை, வாய்க்கு ஒரு கனத்தையும் தரும். நீலமோ பச்சையோ தட்டினால் அது வேறு: செம்பு இறங்கியிருக்கிறது, குடிக்காதீர்கள். இன்னொன்று, 50 சதவீதத்துக்கு மேலான மது அறை வெப்பத்திலேயே தீப்பிடிக்கும். அடுப்புப் பக்கத்தில் வைத்து ஊற்ற வேண்டாம்.

பலத்தைச் சரிசெய்த பிறகு முகர்ந்து பார்ப்பது. இதில் அவசரப்படாதீர்கள், காக்டெய்லின் பாதி இங்கேதான் முடிவாகிறது. ஒரு தேக்கரண்டி எடுத்துத் தண்ணீர் சேர்த்து ஏறக்குறைய 20 சதவீதத்துக்கு இறக்குங்கள். விஸ்கி கலப்பவர்கள் முகர்வது இந்த அளவில்தான், ஏனென்றால் மதுவின் நெடி அடங்கியதும் அடியில் இருப்பது வெளியே வருகிறது. நல்ல சோள விஸ்கியில் வேகவைத்த இளஞ்சோளம், பாப்கார்ன், பால் ஏடு, கதிரின் பச்சைத் தோல், சில சமயம் பேரிக்காய் மாதிரி ஒரு பழ வாசனை தெரியும். நகப்பூச்சு நீக்கியின் நெடி தூக்கலாக வந்தால் வடிப்பின் முதல் பகுதியைச் சரியாகப் பிரிக்கவில்லை. ஈர அட்டை, ஈர நாய் மாதிரி வந்தால் கடைசிப் பகுதி அதிகம் சேர்ந்துவிட்டது. முதல் குறையை எந்தக் காக்டெய்லாலும் காப்பாற்ற முடியாது. புளிப்பு சேர்த்தால் இன்னும் எடுப்பாகத் தெரியும். கொடுத்தவரிடம் சொல்லி அந்த ஜாடியை விட்டுவிடுவதே நல்லது. ஜாடியைத் துணியால் மூடி ஒரு நாள் காற்றாட வைத்தால் நெடி குறையும் என்று பலர் செய்கிறார்கள், ஓரளவு குறையவும் செய்யும், ஆனால் மோசமான சரக்கை நல்லதாக்கும் வழி அது இல்லை. இரண்டாவது குறை லேசாக இருந்தால் இஞ்சியோ காபியோ புகை வாசனையோ அதைத் தாங்கும்.

இப்படி முகரும்போது உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு வாசனையைத் தேர்ந்தெடுத்து ஒரு தாளில் எழுதுங்கள். இனி சேர்க்கும் ஒவ்வொன்றையும் 'இது அந்த வாசனையைத் தூக்கிவிடுகிறதா, அமுக்குகிறதா' என்று கேட்டுச் சேருங்கள். இளஞ்சோளம் என்று எழுதினால் லைம், உப்பு, பச்சை மிளகாய், தேன் பக்கம் போங்கள். பால் ஏடு என்றால் பீச், முட்டை வெள்ளைக்கரு, ஜாதிக்காய். பச்சைத் தோல் என்றால் புதினா, வெள்ளரிக்காய், கசப்பான மூலிகை மதுக்கள். பேரிக்காய் என்றால் ஆப்பிளும் இஞ்சியும். இதில் என் ருசியும் கலந்திருக்கிறது, உங்கள் நாக்கு மறுத்தால் உங்கள் நாக்கைக் கேளுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இளஞ்சோளத்தைப் பிடித்துக்கொண்டு டாக்கிரியின் எலும்புக்கூட்டில் தொடங்குவேன். மது, புளிப்பு, இனிப்பு என்று மூன்றே பொருள், ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. அதில் சர்க்கரைப் பாகை மட்டும் மாற்றுவேன். மணிகளை உதிர்த்த பிறகு மிஞ்சும் சோளக் கதிரின் நடுத்தண்டுகள் நான்கைத் துண்டாக்கி, மூழ்கும் அளவு தண்ணீரில் முக்கால் மணி நேரம் மெதுவான தீயில் கொதிக்க விடுங்கள். வடிகட்டி, கிடைத்த சாற்றின் எடைக்குச் சமமாகச் சர்க்கரை போட்டுக் கரையுங்கள். வெளிர் மஞ்சளாக, இனிப்புச் சோள வாசனையோடு ஒரு பாகு கிடைக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். வடிக்கும்போது தொலைந்த பசுமையை இந்தப் பாகு திருப்பிக் கொடுக்கிறது, சோளத்தின் மேலேயே சோளம் ஏறி நிற்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சேர்க்கை இது.

அளவு: 45 சதவீதத்துக்கு இறக்கிய விஸ்கி 50 மில்லி, அப்போதே பிழிந்த லைம் சாறு 20 மில்லி, சோளப் பாகு 20 மில்லி, உப்புக் கரைசல் நான்கு சொட்டு. உப்புக் கரைசல் என்பது 20 கிராம் உப்பை 80 மில்லி தண்ணீரில் கரைத்தது. குடிக்கும்போது உப்பு தெரியக் கூடாது. அது கசப்பை அடக்கி இனிப்பைத் தெளிவாக்குவதற்காக மட்டும். விதை நீக்கிய பச்சை மிளகாய் ஒரு மெல்லிய வட்டம் போட்டு, ஷேக்கர் நிறைய ஐஸோடு 12 விநாடி பலமாகக் குலுக்கி, இரண்டு முறை வடிகட்டிக் குளிர்ந்த கிண்ணக் குவளையில் ஊற்றுங்கள். குலுக்கும்போது ஐஸ் உருகி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் சேரும். கடைசியில் குவளையில் இருப்பது 19 சதவீதத்துக்கு அருகில் வரும். சவர் என்ற புளிப்புக் காக்டெய்ல் வகைக்கு அது சரியான இடம். இதே 50 மில்லியை இறக்காமல் 60 சதவீதத்தில் ஊற்றியிருந்தால் 25-ஐத் தொட்டிருக்கும். உங்கள் தொண்டை எரிந்ததற்கு முக்கியக் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், ஜாடியின் பலம் தெரியாததால் உறுதியாகச் சொல்ல முடியாது.

இதை அடிப்படையாக வைத்துக்கொண்டு ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளை மாற்றுங்கள். புதிதாக ஆரம்பிப்பவர்கள் ஒரே தடவையில் நான்கை மாற்றிவிட்டு எது கெடுத்தது என்று தெரியாமல் நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன். முழு அளவில் செய்ய வேண்டியதில்லை. 15 மில்லி விஸ்கிக்கு 6 மில்லி சாறு, 6 மில்லி பாகு என்று சிறியதாகச் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவையுங்கள். ஆனால் ஒவ்வொன்றையும் ஐஸோடு குலுக்கியே சுவையுங்கள். குளிர்ச்சியில் இனிப்பு மங்கித் தெரியும், தண்ணீர் சேர்ந்தால் எல்லாமே இளகும், அறை வெப்பத்தில் ருசித்து முடிவு செய்தது குவளையில் வேறாக இருக்கும். இரண்டு மூன்று வாய்க்குப் பிறகு நாக்கும் மழுங்கும், அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள். எழுதி வைக்காத மாற்றம் நடக்காத மாற்றம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

புளிப்பு பிடிக்காது, குலுக்காமல் கரண்டியால் கலக்கிக் குடிக்கும் வகைதான் வேண்டும் என்றால் ஓல்டு ஃபேஷன்டை விட்டு, விஸ்கியும் வெர்மூத்தும் (மூலிகை சேர்த்த ஒயின்) கலந்த மன்ஹாட்டன் பக்கம் போங்கள். சிவப்பு வெர்மூத்துக்குப் பதிலாக பியாங்கோ என்ற இனிப்பான வெள்ளை வெர்மூத். விஸ்கி 50, வெர்மூத் 25, பெனடிக்டைன் என்ற இனிப்பு மூலிகை மது 5 மில்லி, ஆரஞ்சு பிட்டர்ஸ் இரண்டு சொட்டு, ஐஸோடு அரை நிமிடம் கலக்கி, லெமன் (மஞ்சள் எலுமிச்சை) தோலை மேலே பிழிந்துவிடுங்கள். மரம் கொடுக்க வேண்டிய மசாலாவையும் துவர்ப்பையும் வெர்மூத்தின் மூலிகைகள் கொடுத்துவிடும். பல பார்களில் வெள்ளை மன்ஹாட்டன் என்ற பெயரில் ஏற்கனவே இருக்கிறது, ஆகவே உங்கள் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது. முகர்ந்ததில் சுத்தமாக இருந்த சரக்குக்கு மட்டும் இதைச் செய்யுங்கள், குறை எதையும் இது மறைக்காது. நீளமான குவளையில் வேண்டுமென்றால் விஸ்கி 45, லைம் 15, மேலே இஞ்சி பீர். இதில் தோற்பது கடினம், புதுமையும் குறைவு.

புதுமை பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1806-இல் ஒரு நியூயார்க் மாகாணப் பத்திரிகை காக்டெய்ல் என்பதற்குக் கொடுத்த விளக்கம்: ஏதோ ஒரு மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ். அதற்குப் பிறகு வந்தவற்றில் பெரும்பகுதி பழைய எலும்புக்கூட்டில் ஒரு பொருளை மாற்றியதுதான். மார்கரிட்டாவும் சைட்கார் என்ற பிராந்திக் காக்டெய்லும் ஒரே கட்டமைப்பு, பிராந்தியின் இடத்தில் டெக்கீலா, லெமனின் இடத்தில் லைம். உங்கள் உறவினரின் ஜாடி வேறு யாரிடமும் இல்லை, சோளப் பாகை நீங்களே காய்ச்சுகிறீர்கள், அதில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு மாற்றம் உங்களுடையது. பெயர் வைக்க அது தாராளமாகப் போதும். ஒன்று மட்டும்: அடுத்த முறை வரும் ஜாடி இதே மாதிரி இருக்காது. செய்முறைத் தாளின் முதல் வரியில் '45 சதவீதத்துக்கு இறக்கிய விஸ்கி' என்று எழுதுங்கள், ஒவ்வொரு ஜாடியையும் திரும்ப அளந்து, திரும்ப முகர்ந்து, பாகை ஓரிரு மில்லி கூட்டியோ குறைத்தோ சரிசெய்யுங்கள்.

விருந்துக்குப் பத்துப் பேருக்கு என்றால் விஸ்கி 500 மில்லி, பாகு 200 மில்லி, உப்புக் கரைசல் 2 மில்லி, இவற்றை முந்தைய நாளே ஒரு பாட்டிலில் கலந்து குளிர வைக்கலாம். லைம் சாறு 200 மில்லியை அன்று மாலைதான் பிழிய வேண்டும், சில மணி நேரத்திலேயே அதன் வாசனை மாறத் தொடங்கும். சாற்றைச் சேர்த்ததும் ஒரு குவளைக்கு 90 மில்லி அளந்து, மிளகாய் வட்டத்தோடு இரண்டிரண்டாகக் குலுக்கி ஊற்றுங்கள். இந்த ஒரு குவளையில் சுத்தமான ஆல்கஹால் ஏறக்குறைய 18 கிராம் இருக்கும், அமெரிக்கக் கணக்கில் ஒரு நிலையான அளவான 14 கிராமைவிட அதிகம். சோளப் பாகின் இனிப்பில் அது தெரியாது. வீட்டில் வடித்தது என்பதையும் பலத்தையும் பாட்டிலின் மேல் எழுதி ஒட்டி, வருபவர்களிடம் வாயாலும் சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்பவர்களுக்கு அதே பாகும் லைமும் சோடாவும் சேர்த்துக் கொடுங்கள், மது இல்லாமலும் அது அருமையாக இருக்கும்.